முகத்தில் ஒளி வேண்டும், வெளுப்பு வேண்டாம்

(பெங்களூர் நீலசந்திராவில் ஒளிப்படக் கலைஞர்கள், ஸ்டூடியோ நடத்துவோர், ஆல்பம் எடிட்டிங் செய்யும் இளைஞர்கள் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என்னைப் பேச அழைத்தவர்கள் ஒரே ஒரு கேள்வியைத்தான் வைத்தார்கள். நகைக்கடை விளம்பரங்களிலும் பத்திரிகை அட்டைகளிலும் ஒரு முகம் வருகிறதே, தோலுக்குள் விளக்கு ஏற்றி வைத்ததுபோல் ஒளிர்கிற முகம், அதை நாம் எப்படிக் கொண்டுவருவது? எந்த பிளக்-இன் வாங்கவேண்டும், எந்த ஆக்‌ஷன் ஓட்டவேண்டும்? கேட்டதில் தவறே இல்லை. நானும் அந்த வேலையை விரும்பிச் செய்கிறவன். உள்ளதை உள்ளபடி எடுப்பது மட்டும்தான் போட்டோகிராபி என்று நான் நினைப்பதில்லை. கல்யாணத்தன்று ஒரு பெண் அலங்கரித்துக்கொண்டு வருகிறாள் என்றால் படமும் அலங்காரத்தோடு இருக்கட்டும்.

ஆனால் இந்த ஒளிர்வைக் கொண்டுவர உட்காருகிற நம் பையன்களில் பாதிப்பேர் முதலில் செய்வது முகத்தை வெளுப்பாக்குவதுதான். அந்த நொடியே ஒளிர்வு செத்துவிடுகிறது. அது ஏன் சாகிறது என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன். அது புரிந்துவிட்டால் பிளக்-இன் தேவையில்லை.

தோலில் வெளிச்சம் பட்டால் இரண்டு வேலை நடக்கிறது. ஒரு பங்கு வெளிச்சம் மேற்பரப்பிலேயே, எண்ணெய்ப் பசையிலும் வியர்வையிலும் பட்டுத் தெறித்துத் திரும்புகிறது. அதற்கு விளக்கின் நிறம்தான் இருக்கும்; தோலின் நிறம் அதில் ஒட்டாது. மறு பங்கு தோலுக்குள் நுழைகிறது. மெலனின் இருக்கும் மேலடுக்கைக் கடந்து, ரத்தம் ஓடும் கீழடுக்கில் சிதறி, மறுபடி மெலனின் வழியாகவே வெளியே வருகிறது. மெலனின் நீல ஒளியை அதிகம் விழுங்கும், சிவப்பைக் குறைவாக விழுங்கும். அதனால்தான் மனிதத் தோல் எதுவானாலும் வெளியே வருகிற ஒளியில் சிவப்பும் மஞ்சளும் தூக்கலாக இருக்கின்றன.

சினிமாவுக்குக் கலர் கிரேடிங் செய்கிறவர்கள் வெக்டர்ஸ்கோப் என்ற கருவியை வைத்திருப்பார்கள். அதில் தோலுக்கென்று ஒரே ஒரு கோடுதான் உண்டு. ஆப்பிரிக்கர், ஐரோப்பியர், நம் ஊர்க்காரர் எல்லோருடைய தோலும் கிட்டத்தட்ட அந்த ஒரே கோட்டை ஒட்டித்தான் விழும். பெரிய வித்தியாசம் பிரகாசத்தில்தான். நம் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த உண்மை இதுதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். சிவந்த தோலில் உள்ளே போன ஒளி நிறையவே திரும்பி வருகிறது. அந்த முகத்தின் பொலிவு பெரும்பாலும் உள்ளிருந்து வருவது. கருத்த தோலில் உள்ளே போன ஒளி குறைவாகத்தான் திரும்புகிறது. மேற்பரப்பில் தெறிக்கும் ஒளி மட்டும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே கருத்த முகத்தில் ஹைலைட்டுக்கும் அதன் பக்கத்துத் தோலுக்கும் உள்ள தூரம் அதிகம். ஒளிர்வு என்று நம் கண் உணர்வது இந்தத் தூரத்தைத்தான். நல்ல வெளிச்சத்தில் கருத்த முகம் சிற்பம் மாதிரி எழுந்து நிற்பதற்குக் காரணம் இது. இந்த விளம்பர லுக்குக்கு நம் மக்களின் தோல் எந்த விதத்திலும் குறைந்தது அல்ல. சொல்லப்போனால் அதற்கென்றே அமைந்த தோல்.

நம் பையன் என்ன செய்கிறான்? கேமரா ராவில் படத்தைத் திறக்கிறான். ஆரஞ்சு நிறத்தின் லூமினன்ஸ் ஸ்லைடரைப் பிடித்து முப்பது, நாற்பது என்று வலப்பக்கம் தள்ளுகிறான். முகம் பளிச்சென்று ஆகிவிட்டதாகத் தோன்றுகிறது. உண்மையில் நடந்தது வேறு. பக்கத்துத் தோல் எழும்பி ஹைலைட்டின் அருகே வந்துவிட்டது; தூரம் போய்விட்டது. செறிவும் வடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது சாம்பல் பூத்த ஒரு முகம். பிறகு அது சப்பென்று இருக்கிறதே என்று கான்ட்ராஸ்டை ஏற்றுகிறான், தோலை வழவழப்பாக்குகிறான், கடைசியில் பிளாஸ்டிக் பொம்மை வந்து நிற்கிறது.

சரி, எப்படிச் செய்யவேண்டும்? திரையைப் பாருங்கள். இது ஒரு மாநிறப் பெண்ணின் முகம், ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறாள், ரா ஃபைல். முதலில் ஒயிட் பேலன்ஸ். கண்ணின் வெள்ளையையோ பல்லையோ நம்பி கிளிக் செய்யாதீர்கள். அவை நடுநிலை நிறங்கள் அல்ல. எடுக்கும்போதே சாம்பல் அட்டையை ஒரு ஃப்ரேமில் பிடித்துவிடுங்கள், இங்கே அரை மணி நேரம் மிச்சம்.

அடுத்து ஆரஞ்சு லூமினன்ஸ். இதைத் தொடுவதானால் இடப்பக்கம் ஐந்து, எட்டு என்று கொஞ்சம் இறக்குங்கள். பயப்படாதீர்கள். முகம் ஒரு நிழல் ஆழமாகும், நிறம் அடர்ந்து நிற்கும். ஒளியை வைக்க இடம் கிடைத்துவிட்டது.

போட்டோஷாப்பில் சுத்தம் செய்யும் வேலை. ஃபிரீக்குவென்சி செபரேஷன் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் தப்பாகப் பயன்படுத்துகிறோம். படத்தை இரண்டு லேயராகப் பிரிக்கிறோம். கீழ் லேயரை மயிர்க்கால் துவாரங்கள் மறையும்வரை மட்டும் பிளர் செய்கிறோம். அதில் நிறமும் நிழலும் தங்கும். மேல் லேயரில் அப்ளை இமேஜ் போட்டு, சப்ட்ராக்ட், ஸ்கேல் 2, ஆஃப்செட் 128. பிறகு லீனியர் லைட். அதில் துவாரங்கள், மெல்லிய ரோமம், கோடுகள் தங்கும். பருவை மேல் லேயரில் ஹீலிங் பிரஷ்ஷால் எடுங்கள். கண்ணுக்குக் கீழே கருவளையம், கன்னத்தில் திட்டு, இவற்றைக் கீழ் லேயரில் சமன் செய்யுங்கள், அதுவும் பாதி அளவுக்கு. துவாரங்களை அழித்துவிட்டால் ஹைலைட் உடைந்து மினுங்க இடமில்லை. ஈரமான தோல் மினுங்குவது அந்தச் சின்ன மேடு பள்ளங்களால்தான்.

இனி ஒளி. இரண்டு கர்வ்ஸ் லேயர்: ஒன்று ஏற்ற, ஒன்று இறக்க. இரண்டின் மாஸ்க்கையும் கறுப்பாக்கிவிட்டு, மெதுவான வெள்ளை பிரஷ், ஃப்ளோ மூன்று அல்லது நான்கு சதவீதம். நெற்றியின் நடு, மூக்குத் தண்டு, கன்ன எலும்பின் மேல்விளிம்பு, மேலுதட்டின் வளைவு, முகவாயின் உருண்டை: வெளிச்சம் ஏற்கெனவே தொட்ட இடங்களை மட்டும் தொடுங்கள். வெளிச்சம் வராத பக்கத்தில் ஹைலைட் வரைந்தால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் முகம் பொய் என்று உடனே தெரிந்துவிடும். கன்னத்துக் குழி, தாடையின் கீழ்விளிம்பு, மூக்கின் பக்கவாட்டு, இவற்றில் இறக்கும் லேயர். மேலே தற்காலிகமாக ஒரு பிளாக் அண்ட் ஒயிட் லேயரைப் போட்டுக்கொண்டு செய்தால் நிறம் கண்ணை ஏமாற்றாது. இதற்கு இருபது நிமிடம் ஆகும். குறுக்கு வழி கிடையாது. இந்த லுக்கின் முக்கால் பாகம் இந்த இருபது நிமிடம்தான்.

நிறத்துக்கு ஒரு கிரேடியன்ட் மேப். நிழலுக்கு ஆழ்ந்த செம்பழுப்பு, நடுவில் தாமிரம், மேலே வெளிறிய பொன். சாஃப்ட் லைட் மோடில் பதினைந்து சதவீதம், தோலுக்கு மட்டும். கண், பல், பட்டு, வெள்ளி இவற்றை மாஸ்க்கில் விலக்கிவிடவேண்டும். கடைசியாக, எல்லா லேயரையும் சேர்த்து ஒரு நகல், இருபத்தைந்து பிக்சல் பிளர், ஸ்கிரீன் மோட், பத்துப் பன்னிரண்டு சதவீதம். பிளெண்ட் இஃப் வைத்து ஹைலைட்டில் மட்டும் நிற்கச் செய்யுங்கள். இந்தக் கடைசி வித்தை கம்ப்யூட்டர் காலத்தது அல்ல. மைக்கேல் ஆர்டன் என்ற கலைஞர் 1980-களில், கூர்மையான ஒரு ஸ்லைடையும் மங்கலான ஒரு ஸ்லைடையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, அவர் பெயரால் இன்றும் வழங்கும் அந்த ஒளிமூட்டத்தைக் கொண்டுவந்தார்.

சோதிக்க ஐ-டிராப்பரை எடுத்துக் கன்னத்தின் நடுவில் வையுங்கள். செறிவு எண்ணைப் பாருங்கள். மாநிறத்துக்கு நாற்பது, ஐம்பது என்று நின்றால் நல்லது. முப்பதுக்குக் கீழே போனால் வெளுப்பாக்கிவிட்டீர்கள் என்று நான் எடுத்துக்கொள்வேன். பிறகு கழுத்து, காது, கை. நம் ஆல்பங்களில் மிகச் சாதாரணமாகக் கண்ணில் படும் அலங்கோலம், முகம் ஒரு நிறம், மருதாணிக் கை இன்னொரு நிறம். பன்னிரண்டுக்கு முப்பத்தாறு அளவுள்ள கரிஷ்மா ஷீட்டில் அது வீடு முழுவதற்கும் தெரியும். ஒரு மணப்பெண் ஆல்பத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டாள்: "முகம் யாரோடது, கை யாரோடது?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் ஆல்பத்தை மறுபடி அவள் திறக்கவில்லை.

இந்த வெளுப்பாக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கவேண்டும். போட்டோஷாப்பின் முதல் பதிப்பு 1990-ல் வந்தது. பழக்கம் அதைவிடப் பழையது.

மூத்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள், நெகட்டிவ் டச்சிங் செய்த கை சிலருக்கு இன்னும் இருக்கும். சாய்ந்த டெஸ்க், நடுவில் மங்கிய கண்ணாடி, கீழே ஜன்னல் வெளிச்சத்தைத் திருப்பும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. நெகட்டிவின் மருந்துப் பக்கத்தில் ஒரு வார்னிஷ் தடவி, ஊசிபோல் சீவிய பென்சிலால் புள்ளியும் கோடுமாக நிரப்புவார்கள். முகத்தில் கருமையாக இருக்கும் இடம் நெகட்டிவில் தெளிவாக, வெறுமையாக இருக்கும். அங்கே பென்சில் படிந்தால் பிரின்ட்டில் அந்த இடம் வெளுக்கும். அதாவது பென்சிலால் வெளுப்பாக்க மட்டுமே முடியும். ஒரு இடத்தைக் கருமையாக்கவேண்டுமானால் கத்தியால் மருந்தைச் சுரண்டவேண்டும். கை நடுங்கினால் நெகட்டிவ் போயிற்று. எளிதான கருவி எந்தப் பக்கம் இழுத்ததோ அந்தப் பக்கமே தொழிலும் சாய்ந்தது என்பது என் கணிப்பு. பழைய ஆர்த்தோ பிளேட்டுகளில் சிவப்பு ஒளி பதியவே பதியாது. செம்பழுப்புத் தோல் அவற்றில் இருப்பதைவிடக் கருமையாக விழும். அதைச் சரிசெய்யத் தொடங்கிய பென்சில், சரிசெய்வதோடு நிற்கவில்லை.

கலர் வந்தபோது இன்னொரு சாய்வு சேர்ந்தது. கோடாக் நிறுவனம் 1950-களிலிருந்து லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் நின்றவர் பெயரால் அதற்கு ஷெர்லி அட்டை என்றே பெயர். அவள் முகம் சரியாக வந்தால் மெஷின் சரி என்று பொருள். கருத்த முகங்கள் சேறாக வந்தபோது நிறுவனம் அதைப் பொருட்படுத்தவில்லை. மர நாற்காலி செய்கிறவர்களும் சாக்லேட் செய்கிறவர்களும், எங்கள் பழுப்பு நிறங்கள் பிரிந்து தெரியவில்லை என்று புகார் சொன்ன பிறகுதான் ஃபிலிமில் திருத்தம் வரத் தொடங்கியது. மனிதர்களுக்குக் கிடைக்காத கவனம் மேசைக்கும் மிட்டாய்க்கும் கிடைத்தது. எனக்கு இதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. பல இன முகங்கள் உள்ள அட்டைகள் 1990-களில்தான் வந்தன. கைபேசி கேமராவுக்கு இந்தக் கவலை வந்தது அதைவிடத் தாமதம்: கூகுள் தன் பிக்சல் 6-ல் 2021-ல் ரியல் டோன் என்று தொடங்கியது; மறு வருடம் ஹார்வர்டின் சமூகவியல் பேராசிரியர் எல்லிஸ் மாங்க் வகுத்த பத்து நிற அளவுகோலை வெளியிட்டது.

ஆனால் எல்லாப் பழியையும் கோடாக் மேல் போட்டுவிட்டு நாம் எழுந்துபோக முடியாது. நம் வீட்டுச் சுவரில் மாட்டிய சாமிப் படங்கள் எந்த நிறத்தில் இருந்தன? ரவி வர்மா 1894-ல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்த லட்சுமியும் சரஸ்வதியும் சிவந்தவர்கள். பிறகு கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்து சிவகாசியில் அச்சாகி வந்த காலண்டர்கள். அந்த ஓவியங்களின் ஒளியை நான் வணங்குகிறேன். கன்னத்தில் ஒளி எப்படி உருளவேண்டும் என்று அவற்றிடம் இன்றும் கற்கலாம். ஆனால் அந்த ஒளியோடு அந்த நிறமும் சேர்ந்தே நம் மனதில் பதிந்துவிட்டது. இரண்டையும் பிரிக்க முடியும் என்பதே நமக்குத் தோன்றவில்லை.

பிரித்துக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். 2017-ன் கடைசியில் சென்னையில் ஒளிப்படக் கலைஞர் நரேஷ் நிலும் பரத்வாஜ் சுந்தரும் சேர்ந்து 'டார்க் இஸ் டிவைன்' என்று ஒரு படத்தொடர் செய்தார்கள். கருத்த நிறமுள்ளவர்களையே மாடல்களாக நிறுத்தி லட்சுமி, சரஸ்வதி, சீதை, குழந்தை முருகன் என்று எடுத்தார்கள். போய்ப் பாருங்கள், ஒரு தொழில்காரரின் கண்ணோடு பாருங்கள். பின்னணி, நகை, பட்டு எல்லாம் காலண்டர் மரபுதான். ஆனால் தோளிலும் கன்னத்திலும் ஒளி விழுந்து வழுக்கும் இடம், நிழலுக்குள் இன்னும் உயிரோடு இருக்கும் செம்பழுப்பு, இதுதான் நாம் தேடுகிற லுக். தேவியின் தேஜஸ் குறையவில்லை. நிறத்தை ஏற்றாமல் ஒளியை ஏற்ற முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி நான் பார்த்ததில்லை.

சினிமாவில் இது இன்னும் முன்னாலேயே நடந்தது. அதுவும் இந்த ஊரோடு தொடர்புள்ளது. பாலு மகேந்திரா இயக்கிய முதல் படம் கன்னடப் படம், 'கோகிலா', 1977. அதன் ஒளிப்பதிவுக்கு அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. பதினொரு வருடம் கழித்து 'வீடு' படத்தில் அர்ச்சனாவின் முகத்தை அவர் எடுத்திருக்கும் விதத்தை, நீங்கள் ஒவ்வொருவரும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கவேண்டும். ஜன்னல் வெளிச்சம், ஒப்பனை இல்லாத மாநிறம். முகத்தின் ஒரு பாதியை நிழலுக்கு விட்டுக்கொடுக்கும் துணிச்சல் அவருக்கு இருந்தது. குரு தத் படங்களின் ஒளிப்பதிவாளர் வி.கே. மூர்த்தி மைசூரில் பிறந்தவர், படித்தது இங்கே பெங்களூர் ஜெயசாமராஜேந்திரா பாலிடெக்னிக்கில். 'காகஸ் கே பூல்' படத்தில் கண்ணாடிகளை வைத்துச் சூரிய ஒளியை ஸ்டூடியோவுக்குள் கொண்டுவந்தார். அந்தப் படத்தில் அவர் கையாண்டது கறுப்பு வெள்ளை. நிறமே இல்லை, ஒளி மட்டும்தான். அவர் நடந்த ஊரில் நாம் கடை வைத்திருக்கிறோம்.

இதற்குப் பெரிய ஸ்டூடியோ வேண்டுமென்பதில்லை. நீலசந்திராவின் சந்துகளில் எதிர் எதிர் வீடுகள் எவ்வளவு நெருக்கம் என்று உங்களுக்குத் தெரியும். காலை ஒன்பது மணிக்கு எதிர்வீட்டு வெளிர் சுவரில் வெயில் அடிக்கும். உங்கள் வாசல்படிக்கு உள்ளே ஒரு அடி தள்ளி ஆளை நிறுத்துங்கள், முகம் தெருப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து. அந்தச் சுவர் முழுக்க ஒரு சாஃப்ட்பாக்ஸ். மறுபக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை. மீட்டர் சொல்வதைக் கேட்காதீர்கள்: வெள்ளைச் சட்டை இருந்தால் அது முகத்தைச் சேறாக்கும், முகம் மட்டும் ஃப்ரேமை நிறைத்தால் அதை வெளுக்கச் செய்யும். ஹைலைட்டில் நிறம் பிடித்து நிற்கும் இடத்தில் எக்ஸ்போஷரை நிறுத்துங்கள். மண்டபத்தில் நேர் ஃபிளாஷ் அடித்து நெற்றியில் வெள்ளைத் திட்டு விழுந்துவிட்டால், பிறகு எந்த லேயராலும் அதை ஒளியாக மாற்ற முடியாது.

இனி உங்கள் மனதில் இருக்கும் கேள்வி. "அண்ணா, நீங்க சொல்றது சரி. ஆனா கஸ்டமர் கேக்குறாங்களே, பொண்ணைக் கொஞ்சம் கலரா காட்டுங்கன்னு?" கேட்பார்கள். நாற்பத்தைந்து வருடம் இந்த நாடு ஒரு களிம்பு விளம்பரத்தைப் பார்த்து வளர்ந்திருக்கிறது. 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல்தான் க்ளோ அண்ட் லவ்லி ஆயிற்று. அதே வருடம்தான் ஷாதி டாட் காம் தோல் நிறத்தை வைத்துத் தேடும் வசதியை எடுத்தது. சென்னையில் கவிதா இம்மானுவேல் தொடங்கிய விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 2009-லிருந்தே இந்த நிற மோகத்துக்கு எதிராக 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்று இயக்கம் நடத்திவந்தது. ஆனால் பெண்ணின் தாய் உங்களிடம் வந்து அப்படிக் கேட்பது அழகுக்காக மட்டும் அல்ல. பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்தை நாம் கேலி செய்யக்கூடாது; அவருக்கு உபதேசமும் செய்யக்கூடாது.

நான் செய்வது இது. வாதாடுவதில்லை. சொந்த நிறத்திலேயே, ஒளியை மட்டும் கட்டி, நான் காட்டினேனே அப்படி ஒரு பிரின்ட். வெளுப்பாக்கியது ஒன்று. இரண்டையும் ஒரே அளவில் போட்டு மேசையில் வைத்துவிடுவேன். தாய் இரண்டாவதைக் கையில் எடுப்பார். பிறகு பெண்ணைப் பார்ப்பார். பிறகு முதலாவதைக் கையில் எடுப்பார். எல்லோரும் அப்படி இல்லை; சிலர் வெளுத்ததுதான் வேண்டும் என்பார்கள், அவர்கள் கேட்டதைக் கொடுத்துவிடுவேன். ஆனால் முதல் படத்தைப் பார்க்கும் வாய்ப்பே கிடைக்காதவர் அதை எப்படித் தேர்ந்தெடுப்பார்? மோசமான கருத்த முகத்துக்கும் மோசமான வெளுத்த முகத்துக்கும் இடையில்தான் இத்தனை காலம் அவரை நிறுத்தி வைத்திருந்தோம். குற்றம் அவருடைய ரசனையில் இல்லை, நம் வேலையில் இருந்தது.

தம்பிகளே, தங்கைகளே, உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாளைக்குக் கடை திறந்ததும் உங்கள் கண்ணாடி ஷோகேஸைப் பாருங்கள். அங்கே மாட்டியிருக்கும் மணப்பெண்களில் எத்தனை பேர் இந்தத் தெருவில் நடக்கிற பெண்களின் நிறத்தில் இருக்கிறார்கள்? ஒரு படத்தை இறக்குங்கள். உங்கள் வாடிக்கையாளர்களில் ஒரு கருத்த பெண்ணிடம் சம்மதம் கேட்டு, அவளுடைய நிறத்திலேயே, உங்களால் முடிந்த மிகச் சிறந்த ஒளியில் ஒரு படம் எடுத்து, பெரிதாகப் பிரின்ட் போட்டு அந்த இடத்தில் மாட்டுங்கள். இந்த மாதமே செய்யுங்கள்.